வலை இழுத்த கப்பல் வெடி இழுத்த கதை
(வானொலியில் ஒலிபரப்பான உழவர் உரை)



நெற்பயிரில் கூண்டுப்புழு விழுந்தால் என்ன செய்வோம்? மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு வரப்பில் இரண்டு பேர் நிற்போம். பயிரின் மேல் படும்படி கயிற்றை இழுத்துக்கொண்டே போவோம். கூண்டுகள் தண்ணீரில் உதிரும், தண்ணீரை வடித்துவிடுவோம். சாதாரண வேலைதான்.

இதே வேலையைக் கடலில் செய்தவர்கள் உண்டு. அவர்கள் இழுத்தது கயிறு அல்ல, இரும்புக் கம்பிவடம். உதிர்த்தது புழுவை அல்ல, கண்ணிவெடியை. கொஞ்சம் தவறினால் கப்பலோடு போக வேண்டியதுதான். அவர்கள் பட்டாளத்துக்காரர்களும் அல்ல, வலை இழுத்துப் பிழைத்த மீனவர்கள். இங்கிலாந்தின் நீராவி இழுவலைக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள். 'இது உழவருக்கு எதற்கு ஐயா?' என்று கேட்பீர்கள். பொறுத்துக் கேளுங்கள். கடைசியில் நம் கிணற்றடிக்கே வந்து சேரும்.

பாய் போய் நீராவி வந்தது

இங்கிலாந்துக்குக் கிழக்கே வடகடல் இருக்கிறது. பெருங்கடல்களைப் பார்க்க ஆழம் குறைவு. அதன் அடித்தரையில் காட் என்ற மீனும், நம் நாக்கு மீன் போன்ற தட்டை மீன்களும் மேயும். இவற்றைப் பிடிக்கப் பை போன்ற ஒரு வலையைத் தரையோடு தரையாக இழுப்பார்கள். சேற்று வயலில் பரம்பு இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரையில் இதை இழுவைமடி என்பார்கள்.

பாய்மரப் படகு இருந்த காலத்தில் காற்று இருந்தால்தான் வேலை. 1877ல் வடஷீல்ட்ஸ் என்ற ஊரில் வில்லியம் பர்டி என்பவர் ஒரு காரியம் செய்தார். துறைமுகத்தில் மற்றக் கப்பல்களை இழுத்துவிடும் 'மெசெஞ்சர்' என்ற நீராவிக் கப்பலில் வலையைக் கட்டி இழுத்துப் பார்த்தார். மீன் கிடைத்தது. 1881ல் மீன்பிடிக்கென்றே 'ஸோடியாக்' என்ற நீராவிக் கப்பல் ஹல் நகரில் கட்டப்பட்டது.

அதுவரை வலையின் வாய் விரிந்து நிற்க ஒரு நீண்ட மரத்தைக் கட்டியிருந்தார்கள். 1894ல் அந்த மரத்துக்குப் பதில் இரண்டு பலகைகள் வந்தன. வலையின் இரு பக்கமும் ஒவ்வொரு பலகை. கப்பல் இழுக்கும்போது தண்ணீரின் அழுத்தத்தில், காற்றில் பட்டம் ஏறுவதுபோல, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகும். வலையின் வாய் தானாக அகலத் திறக்கும். வடத்தைச் சுற்றி வலையை மேலே ஏற்ற நீராவியில் ஓடும் வின்ச்சும் இருந்தது. இந்த வின்ச்சையும் வடத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

வயோலாவும் அதில் வேலை செய்தவர்களும்

ஒரு கப்பலைச் சொன்னால் எல்லாக் கப்பலும் புரியும். 1906ல் பெவர்லி என்ற ஊரில் 'வயோலா' கட்டப்பட்டது. ஹல் நகரத்து ஹெல்லியர் கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனியார் தங்கள் கப்பல்களுக்கு ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்களின் பெயரை வைப்பார்கள். வயோலாவின் நீளம் நூறு அடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கப்பல்கள் கூட்டமாகப் போய் வாரக்கணக்கில் கடலிலேயே கிடக்கும். பிடித்த மீனைப் பெட்டிகளில் அடுக்கிச் சிறு துடுப்புப் படகில் ஏற்றுவார்கள். ஆடுகிற கடலில் அதைத் துடுப்புப் போட்டுக்கொண்டு போய், லண்டன் சந்தைக்கு விரையும் இன்னொரு கப்பலில் சேர்க்க வேண்டும். அந்தப் படகு கவிழ்ந்து செத்தவர்கள் பலர்.

சில மணி நேரத்துக்கு ஒருமுறை வலை மேலே வரும். இரவு பகல் கிடையாது. வலையின் அடிமுடிச்சை அவிழ்த்தால் மீன் தளத்தில் கொட்டும். குனிந்த குனி நிமிராமல் குடலெடுத்து, கழுவி, ஐஸில் அடுக்க வேண்டும். அதை முடிப்பதற்குள் அடுத்த வலை வந்துவிடும். கீழே கொதிகலன் அறையில் வேறு பாடு. கரிக்கிடங்கிலிருந்து ஒருவர் கரியைத் தள்ளிக் கொடுக்க, இன்னொருவர் அடுப்பில் வாரிப் போடுவார். மேலே குளிர் கொல்லும், கீழே அனல் கொல்லும்.

கூலி எப்படி? கப்பல் தலைவருக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் பங்குதான். நம் ஊர் வாரச் சாகுபடி போல. விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் செலவுக் கணக்குப் போக வெறுங்கை. மற்றவர்களுக்கு வாரக் கூலியும், மீன் ஈரலை விற்ற காசில் ஒரு பகுதியும் கிடைக்கும்.

பின்னாளில் கப்பல்கள் பெரிதாகி ஐஸ்லாந்து வரை போயின. அங்கே அலைத்துளி பட்ட இடமெல்லாம் பனிக்கட்டியாக உறையும். கோடரியால் வெட்டித் தள்ளாவிட்டால் பாரம் தாங்காமல் கப்பல் சாய்ந்துவிடும். 1955 ஜனவரி 26ல் 'லொரெல்லா', 'ரொடெரிகோ' என்ற இரண்டு ஹல் கப்பல்கள் இப்படியே கவிழ்ந்தன. 40 பேர் போனார்கள். போரே இல்லாத காலத்துச் சாவு இது.

போர் வந்தது

போர்க்கப்பல்களின் கண்ணில் இவர்கள் பட்டது 1904லேயே. ஜப்பானோடு போர் புரியப் போய்க்கொண்டிருந்த ரஷ்யக் கடற்படை, அக்டோபர் 21 இரவில் வடகடலின் டாகர் திட்டில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஹல் கப்பல்களைப் பார்த்தது. ஜப்பானியப் படகுகள் என்று நினைத்துச் சுட்டுத் தள்ளியது. 'கிரேன்' என்ற கப்பல் மூழ்கியது. கையில் மீன் அறுக்கும் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் இல்லாதவர்கள் செத்தார்கள். ஹல் நகரில் அவர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

1907ல் பெரஸ்ஃபோர்டு என்ற கடற்படைத் தளபதி, கிரிம்ஸ்பி துறைமுகத்து மீன்பிடிக் கப்பல்களைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். கண்ணிவெடி வாருவதற்கு இந்தக் கப்பல்களே போதும் என்றார். 1910ல் மீனவர்களைக் கொண்டு அதற்கென ஒரு சேமப்படையே அமைந்தது.

ஏன் இவர்கள்? கண்ணிவெடி எப்படிக் கிடக்கும் என்று தெரிந்தால் விளங்கும். அடித்தரையில் பாரமான நங்கூரம். அதிலிருந்து மேலே வரும் கம்பியின் நுனியில், கயிற்றில் கட்டிய பலூனைப் போல வெடி மிதக்கும். ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே நிற்பதால் கண்ணுக்குத் தெரியாது. கப்பலின் அடிவயிறு அதில் இடித்தால் வெடிக்கும்.

இரண்டு கப்பல்கள் சில நூறு கஜம் விலகி நிற்கும். நடுவே கம்பிவடம். வடம் குறித்த ஆழத்தில் நிற்கப் பாரமான ஒரு மரச்சட்டம் கட்டியிருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போக வேண்டும். வடம் வெடியின் கம்பியை உரசி அறுக்கும். வெடி மேலே மிதந்து வந்ததும் துப்பாக்கியால் சுட்டு ஒழிப்பார்கள். கூண்டுப்புழுக் கயிறு இப்போது ஞாபகம் வருகிறதா? வடம், வின்ச், எந்த அலையிலும் பாரம் இழுக்கும் பழக்கம், எல்லாமே இந்த மீனவர்களிடம் தயாராக இருந்தன. கடல் வற்றும் நேரத்தில் வெடி மேல்மட்டத்தை நெருங்கி நிற்கும். அப்போது முதலில் இடிபடுவது வாரப் போன கப்பல்தான்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மானியர் இங்கிலாந்தின் கிழக்குக் கரையெங்கும் வெடி விதைத்தார்கள். மீன்பிடிக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் கடற்படைக்குப் போயின. வயோலாவும் போயிற்று. துப்பாக்கி பொருத்தி, ஷெட்லண்டு தீவிலும் டைன் நதி முகத்திலும் காவல் காத்தது. 1918 ஆகஸ்டில் யுபி-30 என்ற நீர்மூழ்கியை ஒழித்த கப்பல்களில் அதுவும் ஒன்று.

இன்னொரு சம்பவம். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். 1916 பிப்ரவரி 2 அன்று 'கிங் ஸ்டீபன்' என்ற கிரிம்ஸ்பி கப்பல் மீன் பிடிக்கப் போனபோது, எல்-19 என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் கடலில் விழுந்து கிடந்தது. இங்கிலாந்தில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய கப்பல் அது. அதன் முதுகில் 16 பேர் நின்று காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினார்கள். மீனவர்கள் 9 பேர், கையில் ஆயுதம் இல்லை. ஏற்றிக்கொண்டால் நம் கப்பலையே பிடித்துக்கொள்வார்களோ என்று கப்பல் தலைவர் மார்ட்டின் பயந்தார். விட்டுவிட்டுத் திரும்பினார். அந்த 16 பேரும் கடலில் மாண்டார்கள். அவர் செய்தது சரி என்றும் தப்பு என்றும் ஊர் இரண்டுபட்டது. கடலில் தவிப்பவனைக் கைவிடாதே என்பது மீனவர் தருமம். போர் அந்தத் தருமத்தையும் கெடுத்துவிட்டது, பாருங்கள்.

இரண்டாவது தடவை

1939ல் மறுபடியும் போர். லோஸ்டாஃப்ட் என்ற ஊரில் 'சிட்டுக்குருவிக் கூடு' என்று பெயர் கொண்ட ஒரு பூங்கா உண்டு. கச்சேரி நடக்கும் அந்த இடம்தான் மீனவர் காவல்படைக்குத் தலைமையிடம் ஆயிற்று. 1940ல் நார்வேயின் நம்சோஸ் துறைமுகத்தில் குண்டு விழுந்து கப்பல்துறை தீப்பற்றியது. 'அராப்' என்ற இழுவலைக் கப்பலின் தலைவர் ஸ்டானார்டு, தம் கப்பலின் முகப்பைத் தீக்கு எதிரேயே நிறுத்தி, இரண்டு மணி நேரம் தண்ணீர் பீய்ச்சினார். அந்தச் சில நாளில் 31 விமானத் தாக்குதல்களைச் சமாளித்தார். இங்கிலாந்தின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது.

1942ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கரையில் கப்பல்களை வேட்டையாடின. காவலுக்கு இங்கிலாந்து 24 இழுவலைக் கப்பல்களை அனுப்பியது. அதில் ஒன்று 'பெட்ஃபோர்டுஷையர்', 1935ல் மீன் பிடிக்கக் கட்டியது. மே 11 நள்ளிரவை ஒட்டி யு-558 என்ற நீர்மூழ்கியின் குண்டு பட்டு, இருந்த 37 பேரும் மாண்டார்கள். நான்கு உடல்கள் ஓக்ரகோக் தீவில் கரை ஒதுங்கின. தீவு மக்கள் தங்கள் மண்ணில் இடம் கொடுத்து அடக்கம் செய்தார்கள். இன்றும் அங்கே இங்கிலாந்துக் கொடி பறக்கிறது.

அந்தப் பூங்காவுக்கு மேலேயுள்ள மேட்டில் 1953ல் நினைவுத் தூண் எழுப்பினார்கள். கடலைத் தவிர வேறு சமாதி இல்லாத 2,385 பேரின் பெயர் அதில் இருக்கிறது.

கடல் ஆறிய கதை

இப்போதுதான் நம் சங்கதிக்கு வருகிறேன்.

போருக்கு முன் வடகடலில் மீன் குறைந்துகொண்டே வந்தது. கப்பல் பெருகப் பெருக, ஒரு கப்பலுக்குக் கிடைப்பது சுருங்கியது. பெரிய மீன் அருகிப் பொடி மீன் வலையை நிறைத்தது. கப்பல்கள் போருக்குப் போனதும் கடல் ஆறிற்று. 1919ல் திரும்பி வந்து வலை போட்டவர்கள் திகைத்துப் போனார்கள். மீன் மிகுந்திருந்தது, வயதான பெரிய மீன்கள் கிடைத்தன. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்து பிடித்ததால் சில வருஷத்தில் பழைய கதைதான். 1945க்குப் பிறகும் அச்சு அசல் அப்படியே நடந்தது.

யாரும் திட்டம் போட்டுச் செய்யாத பரிசோதனை இது. விஞ்ஞானிகளுக்கு இரண்டு தடவை ஒரே விடை கிடைத்தது. கடலில் மீன் குறைந்தது விதியால் அல்ல, வலையால்தான். 1946ல் பல நாடுகள் லண்டனில் கூடி, வலைக்கண் எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு சிறிய மீனை விட்டுவிட வேண்டும் என்று உடன்படிக்கை செய்தன.

கமலை இறைத்த காலத்தில் கிணறு தானாக ஊறி நிமிர்ந்தது. மாடு களைத்தால் இறைப்பும் நின்றது. மோட்டார் களைப்பதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் 300 அடி போட்டால் நாம் 500 அடி போடுகிறோம். நீராவிக் கப்பலும் இதைத்தான் செய்தது. பாயை ஓய வைத்த காற்று அதை ஓய வைக்கவில்லை. கருவியைக் குறை சொல்லவில்லை. கருவி நம்முடையது, ஆனால் ஊற்று எல்லோருக்கும் பொது. எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று கூடிப் பேசாவிட்டால் கருவியே நம்மைக் கடனாளி ஆக்கிவிடும்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் மீனவர் குடும்பத்துக்குக் கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் கடலுக்கு ஓய்வு கொடுக்க ஒரு போர் வர வேண்டியதில்லை என்பதை அந்த 61 நாள் காட்டுகிறது. நிலத்தடி நீருக்கும் அப்படி ஓர் ஒழுங்கை, உங்கள் ஊர் ஆயக்கட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசினால் வகுக்க முடியும். இந்தக் கோடையிலேயே பேசிப் பாருங்கள்.

வயோலா என்ன ஆயிற்று என்று கேட்பீர்களே! போருக்குப் பின் நார்வேக்காரர்களுக்கு விலைபோயிற்று. பிறகு 'டியாஸ்' என்று பெயர் மாறி, உலகின் தென்கோடியில் உள்ள தென் ஜார்ஜியா தீவில் கடல்நாய் வேட்டைக்குப் போயிற்று. 1960களில் அந்த வேட்டையும் நின்றது. க்ரைட்விக்கன் கரையில் துருப்பிடித்துக் கைவிடப்பட்டது. 1906ல் வைத்த நீராவி எஞ்சின் இன்னும் அதன் வயிற்றில் இருக்கிறது. அதைச் சொந்த ஊருக்குக் கொண்டுவர ஹல் நகரத்தார் முயற்சி எடுத்தார்கள். மண்ணெண்ணெய்க் கயிற்றைக் கையில் எடுக்கும்போது, அந்த ஊர்க்காரர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.