கொட்பேயில் கிடக்கும் விளக்குகள்

கிழிந்த வலை, நைந்த நைலோன் கயிறு, வெடித்த மிதவை, உடைந்த பைபர் துண்டு: திருகோணமலையின் கொட்பே போன்ற மீன்பிடித் துறைகளில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. நமக்கு அவை கழிவு. மிலான் நகரத்துச் சகோதரர்கள் அக்கிலே, பியர் ஜாக்கோமோ கஸ்திலியோனிக்கு அவை விளக்காகத் தெரிந்திருக்கும். 1962இல் அவர்கள் செய்த 'தோயோ' விளக்கில் உச்சியில் எரிவது காரின் முன்விளக்கு. அது சாயாமல் நிற்க அடியில் டிரான்ஸ்போமர். வயரைத் தண்டோடு பிடித்திருப்பவை தூண்டில் கம்பின் வளையங்கள். 1957இலேயே டிராக்டர் இருக்கையை ஸ்டூலாக்கியவர்கள் அவர்கள்.

கையில் கிடைப்பதைக் கொண்டு ஆக்கும் இந்த விளையாட்டை நம் நாட்டில் ஆடிய இணை, ஜெஃப்ரி பாவாவும் லக்கி சேனநாயக்கவும். பாவா (1919–2003) கட்டடக் கலைஞர். லக்கி (1937–2021) அவரது அலுவலகத்தில் படம் வரையச் சேர்ந்து சிற்பியானவர். பெயர் தெரியாதவர்களும் அவர் கைவண்ணத்தைச் சட்டைப்பையில் கொண்டு திரிந்தார்கள். பறவையும் பூவுமாக 1979இல் வந்த ரூபாய்த் தாள்கள் அவர் வரைந்தவை.

1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஹோட்டல் கட்டுகிறவருக்குக் கதிரையும் விளக்கும் வேண்டுமென்றால் உள்ளூர்ப் பட்டறைதான் கதி. பாவா அதைக் குறையாகக் கொள்ளவில்லை. பெந்தோட்டை பீச் ஹோட்டலின் உட்கூரையை ஈனா டி சில்வாவின் பத்திக் துணி மூடியது. சந்தை திறந்த பிறகும் பழக்கம் விடவில்லை. பாவா வடிவமைத்து 1982இல் திறந்த கோட்டே நாடாளுமன்றத்தின் சபை மண்டபத்தில் தொங்குவது, லக்கி உலோகத்தில் செய்த ஓலைச் சரவிளக்கு. திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை வழியாகப் போனால் பாவாவின் கண்டலம ஹோட்டல். அதன் படிக்கட்டின் மேலே சிறகு விரித்திருக்கும் பெரிய ஆந்தையும் லக்கியுடையதே.

தட்டுப்பாடு மட்டும் கலையைத் தந்துவிடாது. தந்திருந்தால் போர்க்காலக் கிழக்கில் வீட்டுக்கொரு லக்கி இருந்திருப்பார். பாவாவுக்கு வாய்த்தது வேறு: துணிந்து வேலை கொடுத்த ஹோட்டல் முதலாளிகள், வரைபவனும் உலோகத்தை அடிப்பவனும் சேர்ந்து தலையை உடைத்துக்கொள்ள ஓர் இடம்.

வெல்டிங் பட்டறையும், வலை பொத்துகிற கையும், பனையோலை பின்னுகிற பெண்களும் திருகோணமலையில் உண்டு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று தன் வரவேற்பறை விளக்கைக் கொழும்புக் கடையில் வாங்காமல் கொட்பேக்காரரிடம் கேட்டால் போதும், வேலை தொடங்கிவிடும்.