வெற்றிடத்தை நகர்த்தும் ஊசி

அணுக்களை ஒவ்வொன்றாக வைத்துப் பொருளைக் கட்டும் முயற்சிக்கு அடிப்படைக் கருவி, 1981இல் சூரிக் அருகேயுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிச் ரோரர் ஆகியோர் உருவாக்கிய வருடு ஊடுருவு நுண்ணோக்கியாகும். மின்கடத்தும் பரப்புக்கு ஒரு நானோமீட்டருக்கும் குறைவான உயரத்தில், அதைத் தொடாமல் நிற்கும் கூரிய ஊசிக்குச் சிறு மின்னழுத்தம் கொடுத்தால், எலெக்ட்ரான்கள் குவாண்டம் விதிப்படி இடைவெளியை ஊடுருவிப் பாய்கின்றன. இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினாலே இம்மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதால், ஊசியால் அணுக்களின் மேடுபள்ளங்களைப் பிரித்தறிய முடிகிறது.

இதே ஊசியால் அணுவை நகர்த்தவும் இயலும் என்பதை, 1989இல் கலிபோர்னியாவில் டான் எய்க்லரும் எர்ஹார்ட் ஷ்வைட்சரும் நிக்கல் பரப்பில் 35 செனான் அணுக்களைக் கொண்டு ஐபிஎம் என்று ஆங்கிலத்தில் எழுதி மெய்ப்பித்தனர். ஆயினும் செனான் பரப்போடு தளர்வாகவே ஒட்டுவதால், அவ்வெழுத்துகள் நிலைக்கச் சுமார் −269 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டியிருந்தது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் சாண்டர் ஓட்டெ குழுவினர் 2016இல் கண்ட வழி வியப்புக்குரியது. அவர்கள் நகர்த்தியது அணு இல்லாத இடத்தை. தாமிரப் பரப்பில் குளோரின் அணுக்கள் சதுரக் கட்டங்களாகத் தாமே அணிவகுக்கும்; இடையிடையே சில இடங்கள் காலியாக இருக்கும். கச்சேரி அரங்கில் காலியான நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்தமர்ந்தால் அவருடைய நாற்காலி காலியாவதுபோல, ஊசி செலுத்தும் மின்னோட்டத்தால் ஓர் அணு வெற்றிடத்துக்குத் தாவ, வெற்றிடம் அணுவின் பழைய இடத்துக்கு மாறுகிறது. அண்டை அணுக்கள் சூழ்ந்து நிற்பதால் இவ்வமைப்பு −196 டிகிரியிலும் கலையாது. நகர்வு ஒழுங்காக நிகழ்வதால், வெற்றிடங்களைக் கண்டறிந்து வழியமைத்து நகர்த்தும் பணியைக் கணினியே செய்தது. இவ்வாறு வெற்றிடங்களின் இருப்பிடத்தையே தகவலின் குறியீடாகக் கொண்டு, 8,000 பிட்டுகளுக்கு மேற்பட்ட நினைவகம் உருவாயிற்று.

ஆகவே, தானியக்கத்தைச் சாத்தியமாக்கியது ஊசியின் திறமை மட்டுமன்று, கணித்தபடி நடக்கும் பரப்பைத் தேர்ந்த அறிவுமாகும். களிம்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் நானோ என்று பெயர்சூட்டும் விளம்பரங்களும், எதையும் கட்டித்தரும் நுண்ணியந்திரங்களைப் பற்றிய கற்பனைகளும் இவ்வுழைப்பை மறைத்துவிடுகின்றன. அணுக்கட்டுமானம் இன்றும் மிக மெதுவானது. அதை விரைவாக்கும் பொறுமையான ஆய்வுக்கே சமூகத்தின் ஆதரவும் மாணவரின் ஆர்வமும் சென்றுசேர வேண்டும்.