கணிப்பொறிக் கணக்கும் அதன் சாவியும்

இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவிகளை இருவரிடம் தனித்தனியே ஒப்படைக்கும் வழக்கத்தை அங்கத்தினர்கள் அறிவார்கள். இன்று பேரேடும் ரொக்கப் புத்தகமும் கணிப்பொறிக்குள் புகுந்து வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. ஆகவே, இப்புதிய பெட்டியின் சாவியைப் பற்றியும் நாம் அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

கணிப்பொறி இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. வந்திருப்பவர் யார் என்பது ஒன்று. அவர் எதைச் செய்யலாம் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடையாக அமைவது கடவுச்சொல். அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் முறை 1961-இல் தோன்றியபோது, ஒருவர் கோப்பை மற்றொருவர் பாராதிருக்க அறிஞர் கொர்பாட்டோ குழுவினர் இதனைக் கையாண்டனர். ஆனால் சொற்கள் யாவும் ஒரே கோப்பில் எழுதியபடியே இருந்தன. 1962-இல் ஆய்வாளர் ஒருவர் அக்கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பின்னொரு சமயம் நேர்ந்த குழப்பத்தில், வந்தவர் அனைவர்க்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியலே காட்சியளித்தது!

இதற்குப் பரிகாரமாக, சொல்லை அப்படியே வையாமல், மீட்டறிய இயலாதவாறு உருமாற்றி வைக்கும் முறை வந்தது. ஆயினும், சொல்லைச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டுவோர்க்கு எந்தக் கணிதமும் துணை செய்யாது. அதனாலேயே, கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையோ விரல் ரேகையையோ இரண்டாம் சாவியாகக் கேட்கிறார்கள்.

இரண்டாம் கேள்வியே சங்கங்களுக்கு இன்றியமையாதது. நூல் வழங்கும் எழுத்தர் இருப்பைப் பதியலாம். கூலிப் பட்டியலைத் திருத்த அவருக்கு வேலையில்லை. கடன் தொகையைப் பதிபவர் ஒருவராகவும், ஒப்புதல் அளிப்பவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும். பழைய இரட்டைச் சாவியின் தத்துவம் இதுவே.

எல்லோரும் ஒரே பெயரில் நுழைவதைவிடப் பெருங்கேடு வேறில்லை. ஓர் உழவரின் கணக்கில் அவர் வாங்காத கடன் ஏறியிருந்தால், பதிந்தவர் யார் என்று கணிப்பொறி சொல்ல வேண்டும். ஐவர்க்கு ஒரு பெயரெனில், குற்றவாளி தப்புவான். நேர்மையான ஊழியர் பழி சுமப்பார். உழவரோ வட்டி கட்டுவார்.

எனவே, அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஒவ்வோர் ஊழியருக்கும் தனிப் பெயர் உண்டா? பதிபவரும் ஒப்புதல் தருபவரும் வெவ்வேறு நபர்களா? ஓய்வு பெற்றவர், மாற்றலாகிச் சென்றவர் ஆகியோரின் அனுமதி அன்றே நீக்கப்பட்டதா? இவற்றைக் கேட்பது யாரையும் ஐயுறுவதாகாது. சாவி யாரிடம் என்று கேட்பது, பெட்டிக்கு உரியவரின் உரிமையன்றோ!