உஷார்! சீசன் வந்தாச்சு... வைஃபை பாஸ்வேர்டை மாத்தியாச்சா?

சாரல் விழ ஆரம்பித்தால் போதும், தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்: "நெட்டு சுத்திக்கிட்டே நிக்குது!" மற்ற நாளில் பத்து நிமிடத்தில் இறங்கும் ஃபைல், சீசன் சாயங்காலத்தில் பாதியிலேயே நிற்கிறது. "கணவாய்க் காத்துல கேபிள் ஆடுது, மழை விட்டா சரியாயிரும்" என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறோம்.

தயவுசெய்து அப்படி விடாதீர்கள். பழைய டெலிபோன் செம்புக் கம்பி நனைந்தால் வேகம் விழும், உண்மைதான். ஃபைபர் ஈரத்துக்கு அவ்வளவு அசையாது. அறுந்தாலோ, கொஞ்சம் பலமாக மடங்கினாலோ பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாகச் சிமிட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பு இல்லை, பி.ஓ.என். விளக்கு பச்சையாக நிற்கிறது, ஆனாலும் டவுன்லோடு நகரவில்லையா? கம்ப்யூட்டரை லேன் கேபிளில் மாட்டி, ரௌட்டரின் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். 100 எம்.பி.பி.எஸ். பிளானில் ஃபைல் இறங்கும்போது வேகம் நொடிக்கு 12 மெகாபைட் அளவில்தான் காட்டும். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வைஃபை அணைந்தும் வேகம் வரவில்லை என்றால் பிளானின் டேட்டா வரம்பு தாண்டியிருக்கலாம், அல்லது லைனில் கோளாறு. வைஃபையை அணைத்ததும் வேகம் துள்ளி வந்தால்தான் நிஜமான பயம்: உங்கள் லைனில் வேறு யாரோ இருக்கக்கூடும்.

சீசனுக்கு மாடி ரூமை வாடகைக்கு விடும் வீடுகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வருகிறவர் சாவியோடு வைஃபை பாஸ்வேர்டையும் வாங்கிக்கொள்கிறார். அருவியில் எடுத்த வீடியோ அத்தனையும் அவருக்கே தெரியாமல் போனிலிருந்து கிளவுடுக்கு ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் மெயினருவி வாசல் மாதிரி, அப்லோடு வழி அடைத்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு ஃபைலை இறக்கினாலும் 'வந்து சேர்ந்தது' என்ற பதில் அதே வழியில்தான் மேலே போக வேண்டும். அது போகாவிட்டால் கீழே வருவதும் தயங்கும். அவர் ஊருக்குப் போய்விடுவார். பாஸ்வேர்டு அவரிடமும், அவர் சொல்லிக்கொடுத்தவர்களிடமும் இருக்கும். பக்கத்து லாட்ஜில் இருந்துகொண்டு உங்கள் லைனைப் பிடிக்க அது போதும்.

வேகம் போவது சின்ன நஷ்டம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் டி.வி. நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் இமெயில் போனது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். கம்ப்யூட்டர்களைக் கொடுத்து, விசாரணைக்கும் போக வேண்டியிருந்தவர் அவர்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவரிடம்தான் வரும்.

எனவே இன்றைக்கே ரௌட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் 192.168.1.1 மாதிரி ஒரு எண்ணும், உள்ளே நுழையும் பெயரும் இருக்கும். பிரவுசரில் அந்த எண்ணை அடித்தால் ரௌட்டரின் பக்கம் திறக்கும். எந்தெந்தப் போன், டி.வி., லேப்டாப் சேர்ந்திருக்கின்றன என்ற பட்டியல் அங்கே உண்டு. வீட்டில் உள்ளதை எண்ணிப் பாருங்கள், மிச்சம் தெரிந்துவிடும். வைஃபை பாஸ்வேர்டோடு, அந்தப் பக்கத்துக்குள் நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டாவதைத் தொடுவதே இல்லை. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியபோது, வாங்கும்போது வந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருந்த மோடம்கள்தான் சிக்கின. வாடிக்கையாளர்களை உடனே மாற்றச் சொல்லி நிறுவனமே அறிவித்தது. பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபையில் சேரவிடும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள். விருந்தாளிகளுக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனியாக ஒன்று போட்டுக் கொடுங்கள். ரூம் காலியானதும் அதன் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம்.

இன்னொரு ஆபத்து. நெட் வரவில்லையே என்ற எரிச்சலில் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரை அங்கே போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். நல்ல தமிழில் பேசி, "சார், ஒரு ஆப் போடுங்க, இங்கிருந்தே லைனைச் சரிபண்ணித் தர்றேன்" என்பார்கள். அந்த ஆப் உங்கள் திரையை அவர்கள் கையில் கொடுத்துவிடும். பிறகு ஓ.டி.பி. உங்களுக்கு வருவதும் அவர்களுக்கு வருவதும் ஒன்றுதான். எனிடெஸ்க் மாதிரி ஆப்கள் வழியாக நடக்கும் இந்தத் திருட்டைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. புகார் சொல்ல பில்லில் அச்சிட்ட நம்பரைப் பாருங்கள், அல்லது கனெக்‌ஷன் கொடுத்த உள்ளூர் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். லைனைச் சரிபார்க்க யாருக்கும் உங்கள் ஓ.டி.பி. தேவையே இல்லை.

ஆப்பைப் போட்டுத் தொலைத்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே நெட்டைத் துண்டித்து, பேங்குக்குச் சொல்லி, சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு.