கட்டபொம்மன் பிடிபட்டது எங்கே? நாடக மேடையும் புதுக்கோட்டை சீமை வரலாறும்

புதுக்கோட்டை,

கட்டபொம்மனை காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டால் சின்னப்பிள்ளை கூட "எட்டப்பன்" என்று சொல்லிவிடும். அவர் பிடிபட்ட இடம் எது என்று கேட்டால், புதுக்கோட்டைக்காரர்களே பலர் முழிக்கிறார்கள்.

அந்த இடம் வேறு எங்கோ இல்லை. பொன்னமராவதி பக்கம் உள்ள திருக்களம்பூர் காட்டுப்பகுதிதான். அவரை பிடித்தவர்கள் புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாத தொண்டைமானின் ஆட்கள். ஒரு பெயர் நிலைத்து, இன்னொரு பெயர் மறந்து போனதற்கு நாடக மேடையும் ஒரு காரணம்.

1799-ல் நடந்தது என்ன?

1799-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மேஜர் பானர்மேன் தலைமையில் கம்பெனி படை பாஞ்சாலங்குறிச்சி கோட்டையை தாக்கியது. எட்டயபுரம் படையும் வெள்ளைக்காரன் பக்கம் நின்றது. இதில் சந்தேகம் இல்லை. எட்டப்பன் என்பது அந்த பாளையக்காரர்களின் பட்டப்பெயர்.

கோட்டையை விட்டு தப்பிய கட்டபொம்மன் வடக்கு நோக்கி வந்து தொண்டைமான் சீமைக்குள் நுழைந்தார். அங்கே பிடிபட்டு கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16-ந்தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார்.

தொண்டைமான் ஏன் அப்படி செய்தார்? 1750-களில் நடந்த கர்நாடக போர் காலத்தில் இருந்தே புதுக்கோட்டை மன்னர்கள் கம்பெனியின் கூட்டாளிகள். பாளையக்காரர் போர்கள் முடிந்த பிறகு, 1803-ல் கீழாநிலைக்கோட்டை பகுதி தொண்டைமானுக்கு கிடைத்தது. மற்ற பாளையங்கள் ஒவ்வொன்றாக ஒடுங்கிப்போக, புதுக்கோட்டை மட்டும் தனி சமஸ்தானமாக 1948 மார்ச் 3-ந்தேதி வரை நீடித்தது.

வசனம் யாருடையது?

இந்த கதையை ஜனங்களிடம் முதலில் கொண்டு போனவை கும்மிப்பாட்டும், கதைப்பாட்டும், கூத்தும்தான். பிறகு 1957-ல் சிவாஜிகணேசன் "வீரபாண்டிய கட்டபொம்மன்" நாடகத்தை மேடை ஏற்றினார். எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. 1959-ல் அது சினிமாவாக வந்து பட்டிதொட்டி எல்லாம் ஓடியது.

அதன்பிறகு பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் அட்டை கத்தியும், ஒட்டு மீசையுமாக ஒரு கட்டபொம்மன் கட்டாயம் வந்துவிடுவார். ஜாக்சன் துரை முன்னால் பேசும் வசனத்தை கட்டபொம்மனே பேசியதாக நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. இருவரும் 1798-ல் ராமநாதபுரத்தில் சந்தித்ததும், அங்கே கைகலப்பு நடந்ததும் உண்மை. வசனம் மட்டும் சக்தி கிருஷ்ணசாமியின் பேனாவில் பிறந்தது.

எழுத படிக்க தெரியாதவருக்கும் சரித்திரம் போய்ச் சேர்ந்தது மேடையின் பலம். ஒரு தடவை மனதில் ஒட்டியது லேசில் மாறாது என்பது அதன் ஆபத்து. "எட்டப்பன்" என்ற சொல்லுக்கே துரோகி என்று அர்த்தம் ஆகிவிட்டது. எட்டயபுரம் என்ற ஊர் முழுக்க அந்த பழியை சுமக்கிறது.

விடிய விடிய நாடகம்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு நாடகம் புதிது அல்ல. நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் இசை பயின்றவர். பாய்ஸ் கம்பெனியில் நடித்து சினிமாவுக்கு போன பி.யு.சின்னப்பா இந்த ஊர்க்காரர்.

இன்றும் கோவில் திருவிழா என்றால் பல கிராமங்களில் நாடகம் உண்டு. இரவு 10 மணிக்கு மேல் ஆர்மோனியமும், மிருதங்கமும் தொடங்கும். பபூன் காமெடி, டான்ஸ் எல்லாம் முடிந்து ராஜபார்ட் வருவதற்குள் பாதி ராத்திரி ஆகிவிடும். வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடியோடு கட்டபொம்மன் நாடகமும் நடப்பது உண்டு.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. நடிகர்கள் ஆளுக்கு ஒரு ஊரில் இருந்து வந்து அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் பழசு. இடையில் வரும் பேச்சு அவரவர் சாமர்த்தியம்.

அந்த சாமர்த்தியத்தை வைத்துத்தான் சுதந்திர போராட்ட காலத்தில் விஸ்வநாத தாஸ் வள்ளி திருமணத்தில் முருகன் வேஷத்தில் வந்து தேசபக்தி பாட்டு பாடினார். பலமுறை ஜெயிலுக்கு போனார். 1940 டிசம்பர் 31-ந்தேதி சென்னையில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

மேடையிலேயே திருத்தலாம்

சினிமாவில் ஒரு தடவை பதிந்த வசனத்தை மாற்ற முடியாது. ஆனால் திருவிழா மேடையில் ராஜபார்ட் நினைத்தால் அன்றைக்கே மாற்றலாம். திருக்களம்பூர் காட்டையும், தொண்டைமான் ஆட்களையும் 2 நிமிட பேச்சில் சொல்லிவிடலாம். பபூன் ஒரு கேள்வி கேட்டால் போதும், விஷயம் கூட்டத்துக்கு போய்விடும்.

200 வருஷத்துக்கு முன்னால் ராஜா எடுத்த முடிவுக்கு இன்றைக்கு இருக்கிற ஜனங்கள் பொறுப்பு இல்லை. அது எட்டயபுரத்துக்காரர்களுக்கும் பொருந்தும், புதுக்கோட்டைக்காரர்களுக்கும் பொருந்தும். ஆனால் சொந்த மண்ணில் நடந்ததை தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்த திருவிழாவில் கட்டபொம்மன் நாடகம் போட்டால், பாயை விரித்து உட்காருவதற்கு முன்னால் நடிகர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அண்ணே, திருக்களம்பூரையும் சேர்த்துக்குங்க!"