உட்புற நகர்பேசிச் சமிக்ஞைக் குறைவு

உட்புற நகர்பேசிச் சமிக்ஞைக் குறைவு என்பது, வெளியே கிடைக்கும் நகர்பேசி அலைகள் கட்டிடத்தினுள் வலுவிழப்பதால், அழைப்பு தெளிவிழத்தல் அல்லது துண்டிக்கப்படுதல் ஆகும். பேச்சு வழக்கில் இது "டவர் கிடைக்கவில்லை" எனப்படும்.

காரணங்கள்

இரும்புக் கம்பி செறிந்த கான்கிரீட் சுவர், தகரக் கூரை, உலோகப் பூச்சுள்ள கண்ணாடி ஆகியன வானலைகளைத் தடுக்கின்றன. பொதுவாக, அதிர்வெண் கூடுந்தோறும் சுவரை ஊடுருவும் திறன் குறையும். ஆகவே 2300 மெகாஹெர்ட்ஸ் அலையை விட 850 மெகாஹெர்ட்ஸ் அலை உட்புறத்தில் நன்கு எட்டும்.

தீர்வுகள்

சன்னலருகே அல்லது மாடியில் பேசுவது எளிய வழியாகும். அகலப்பட்டை இணைய இணைப்புள்ள வீடுகளில் வை-ஃபை அழைப்பைப் பயன்படுத்தலாம். இந்தியாவில் இதனை ஏர்டெல் டிசம்பர் 2019 இலும், ஜியோ சனவரி 2020 இலும் தொடங்கின.

சமிக்ஞைப் பெருக்கிகள்

தனியார் பொருத்தும் பெருக்கி கோபுரத்துக்கு இரைச்சலையும் சேர்த்து அனுப்புவதால், அண்டை வீட்டாரின் அழைப்புகள், அவசர அழைப்புகள் உட்பட, தடைபடக்கூடும். உரிமம் பெற்ற சேவை நிறுவனங்கள் தவிரப் பிறர் இவற்றை வைத்திருத்தலும் விற்றலும் சட்டவிரோதமானவை என்று தொலைத்தொடர்புத் துறை 2022 இல் அறிவித்தது.

இழப்பீடும் முறையீடும்

துண்டிக்கப்படும் அழைப்புக்கு 1 ரூபாய் வீதம், நாளொன்றுக்கு 3 அழைப்புகள் வரை இழப்பீடு வழங்க வேண்டுமென டிராய் 2015 இல் விதித்தது. பயனர் பக்கத்துக் காரணங்களாலும் அழைப்புகள் துண்டிக்கப்படுவதைச் சுட்டிய உச்ச நீதிமன்றம், மே 11, 2016 அன்று இவ்விதியை நீக்கியது. காரைக்கால் மாவட்டத்து நெடுங்காடு முதலிய ஊர்கள் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவையாயினும், தொலைத்தொடர்பில் தமிழ்நாடு வட்டத்துள் அடங்கும். எனவே அவ்வூரார் தங்கள் சேவை நிறுவனத்தின் தமிழ்நாடு வட்டத்திலேயே முறையிட வேண்டும்.