கரகரக்கும் கியர்ப்பெட்டி

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் அனைவரும் அறிந்த ஓசை ஒன்று உண்டு. கியர்த் தண்டை ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தள்ளும்போது, இரும்பை இரும்பு கடிப்பதுபோல் எழும் 'கரக்' என்னும் ஓசையே அது. பட்டறைக்குச் சென்றால், "கியர்ப்பெட்டியை இறக்க வேண்டும்" என்னும் தீர்ப்பே பெரும்பாலும் முதலில் கிடைக்கிறது. சில வேளைகளில் அது சரியான தீர்ப்பு. பல வேளைகளில் வீண்செலவு. பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி சிறிதன்று. ஆதலின் நோய் எங்கே இருக்கிறது என்பதை வண்டிக்குரியவரே ஓரளவு சோதித்து அறிந்துகொள்வது நலம்.

நம் நாட்டில் பழைய கார் என்றவுடன் இரண்டு வண்டிகள் நினைவுக்கு வருகின்றன. கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசிடர் ஒன்று. மும்பையின் குர்லாவில் உருவாகி, 2023 அக்டோபர் வரை அந்நகரில் வாடகை வண்டியாக ஓடிய பிரீமியர் பத்மினி மற்றொன்று. பிழைப்பை நாடி அந்நகரங்களுக்குச் சென்ற நம்மவர் இவற்றில் ஏறாமல் இருந்திருக்க முடியாது. இவ்விரண்டின் பழைய அமைப்பிலும் முன்னே செல்வதற்கு நான்கு கியர்கள். அவற்றுள் 2, 3, 4 ஆகியவற்றுக்கு மட்டுமே 'சிங்க்ரோமெஷ்' என்னும் இணக்க ஏற்பாடு உண்டு. முதல் கியருக்கும் பின்செலுத்தும் கியருக்கும் அது கிடையாது. இந்த ஒன்றை அறியாமையால் பழுதில்லாத பெட்டிகள் பல பழுதெனக் கருதப்படுகின்றன.

இணக்க ஏற்பாடு என்பது யாது? ஓடும் பேருந்தில் ஏற முயல்பவர் சற்றுத் தூரம் அதனுடனே ஓடி, வேகம் ஒத்த பின்னரே படியில் கால் வைக்கிறார். நின்றபடியே தாவினால் விழுவார். கியர்ப்பெட்டியிலும் அவ்வாறே: வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உறுப்புகளின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால், முதலில் அவற்றின் வேகம் ஒத்துவர வேண்டும். பித்தளை வளையம் ஒன்று கூம்பு வடிவான பகுதியில் உராய்ந்து இவ்வேகத்தை ஒப்பச் செய்கிறது. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இவ்வேற்பாடு முதன்முதலில் வந்தது. அதற்கு முன்னர் வேகத்தை ஒப்பச் செய்யும் பொறுப்பு முழுவதும் ஓட்டுபவரின் காலுக்கும் காதுக்குமே உரியதாக இருந்தது.

இனிச் சோதனைக்கு வருவோம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, எஞ்சினை மெல்ல ஓடவிட வேண்டும். பிரேக்கை ஒரு காலால் அழுத்தியவாறு, கிளட்ச் மிதியை அடிவரை மிதித்து, மனத்துக்குள் ஐந்து வரை நிதானமாக எண்ணிய பிறகு பின்செலுத்தும் கியரைப் போட வேண்டும். ஓசையின்றி விழுந்தால் கவலை இல்லை. எண்ணாமல் போட்டபோது எழுந்த ஓசை, உள்ளே சுழன்றுகொண்டிருந்த தண்டு ஓய்வதற்கு முன் நாம் அவசரப்பட்டதன் விளைவே. மிதியை மிதித்தபடியே 4-ஆம் கியரை ஒருமுறை தொட்டுவிட்டுப் பிறகு முதல் கியரையோ பின்கியரையோ போட்டால், அத்தண்டு உடனே நின்றுவிடும். இஃது எளிய உபாயம், செலவும் இல்லை.

ஐந்து எண்ணிய பின்னும் கரகரத்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அப்பொழுது தடையின்றி விழுமாயின் குற்றம் பெரும்பாலும் கிளட்சினுடையது. மிதியை மிதித்தும் அது முழுவதும் விடுபடவில்லை என்பது பொருள். மிதியின் வெற்றாட்டம் அதிகமாகியிருக்கலாம். இணைப்புக் கம்பிகள் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சாயின் எண்ணெய் குறைந்தோ, குழாயில் காற்று புகுந்தோ இருக்கலாம். மிதிக்கு அடியில் விரித்த தடித்த பாய் மிதியை இறங்கவிடாமல் தடுப்பதும் உண்டு. பாயை எடுத்தாலே தீரும் நோய்க்குப் பெட்டியை இறக்கியவர்களும் இருக்கக்கூடும்!

வண்டி ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் 3-இலிருந்து 2-க்கு இறங்கும் வேளையில், கரகரப்பது வேறு வகை. நகர நெரிசலில் மிகுதியாக உழைப்பது 2-ஆம் கியரே. அதன் பித்தளை வளையம் தேய்ந்துவிட்டது எனலாம். தில்லியின் ஜனவரிக் காலையில் மட்டும் முரண்டு பிடித்து, சில மைல் ஓடியபின் இணங்கினால், குளிரில் தடித்துப்போன எண்ணெயே காரணமாக இருக்கலாம். எண்ணெயை மாற்றும்போது வண்டியின் கையேடு கூறும் தரத்தையே வாங்க வேண்டும். 'ஜி.எல்.5' என்னும் தரம் உயர்ந்த எண் என்பதால் உயர்ந்தது என்று கருதலாகாது. பின்னச்சுப் பெட்டிக்கு ஏற்ற அதன் கந்தகச் சேர்க்கை பித்தளை வளையத்தை அரிக்கக்கூடும். வழுவழுப்பு மிகுந்து வளையம் பற்றாமலும் போகலாம்.

தேய்ந்த வளையத்தோடும் சில காலம் ஓட்ட வழி உண்டு. அதுவே இரட்டைக் கிளட்ச் முறை. 3-ஆம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழல்கிறது என்றும், அதே வேகத்தில் 2-ஆம் கியருக்கு 3,000 சுற்று தேவை என்றும் கொள்வோம். கிளட்சை மிதித்துத் தண்டை நடுநிலைக்குக் கொணர வேண்டும். காலை எடுத்து, எஞ்சினைச் சற்று முடுக்க வேண்டும். மீண்டும் மிதித்து 2-ஐப் போட வேண்டும். நடுநிலையில் முடுக்கிய அந்த நொடியில்தான் உள்தண்டு வேண்டிய வேகத்தை அடைகிறது. பத்து நாள் பழகினால் கை தானே அறிந்துகொள்ளும்.

ஆயினும் மலைப்பாதையில் இதை நம்பிப் பழகத் தொடங்குதல் கூடாது. மும்பையிலிருந்து புணே செல்வோர் கண்டாலா ஏற்றத்தில், 2-ஆம் கியர் திணறும்போது ஓடும் வண்டியில் முதல் கியரைத் திணிக்க முயல்கின்றனர். அது விழாது, 2-ம் கைவிட்டுப் போகும், வண்டி பின்னோக்கி உருளும். வண்டியை முழுவதும் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்த பின்னரே முதல் கியரைப் போட வேண்டும். இறக்கத்திலோ, சரிவு தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும்.

பட்டறையில் மொழி குறுக்கிட்டாலும் 'கிளட்ச்', 'கியர்' என்னும் சொற்கள் எந்த மாநிலத்திலும் செல்லும். எந்தக் கியர், நிற்கும்போதா ஓடும்போதா, குளிர்ந்திருக்கையிலா சூடேறிய பின்னா என்ற மூன்றையும் சொல்லி, முதலில் கிளட்சைச் சரிபார்க்குமாறு கேட்க வேண்டும். பெட்டியை இறக்கியே தீர வேண்டுமெனில், கிளட்ச் தட்டையும் அப்போதே பார்த்துவிடுவது சிக்கனம், கூலி ஒன்றே. தில்லிக் காஷ்மீரி கேட்டிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் உதிரிப் பாகங்கள் தேடுவோர், கழற்றிய பழைய வளையத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பதும் நன்று. பொன்னிறப் பொடி சிறிது மின்னினால் வளையம் தேய்கிறது. இன்னும் சில காலம் ஓட்டலாம். எஃகுத் துண்டுகள் கையில் தட்டுப்பட்டால் பற்களே உடைகின்றன. அவ்வண்டியை அதற்குமேல் ஓட்டலாகாது.